பொட்டு வைத்த கணினி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பவர் சப்ளை மாற்றுவதைப் பற்றி நான் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதில் எழுத ஒன்றுமில்லை. மின்சாரத்தை நிறுத்து, பின்பக்கத் திருகாணிகளைக் கழற்று, பழையதை எடு, புதியதை வை, திருகாணிகளை மறுபடி முடுக்கு. கைப்பேசியில் தேடினால் எந்த நாட்டுக்காரனோ ஒருவன் பின்னணி இசையோடு செய்து காட்டுகிறான். ஆனால் அவனைச் சுற்றி யாரும் நிற்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா? பெட்டியைத் திறப்பது சுலபம். பெட்டியைச் சுற்றி நிற்பவர்களைச் சமாளிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கணினிக்குள் இருப்பவற்றில் மரியாதையே இல்லாத உறுப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைதான். ப்ராசஸரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வார்கள். மெமரி எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். "என் பவர் சப்ளையைப் பாருங்களேன்" என்று விருந்தாளியைக் கூப்பிட்டுக் காட்டியவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வீட்டில் சமைப்பவரைப் போலத்தான் அதுவும், நின்றுபோனால்தான் இருந்தது தெரியும். நின்றதும் அலறாது, திரையில் எதுவும் எழுதிக் காட்டாது. பொத்தானை அழுத்தினால் சும்மா இருக்கும். உரிமையாளர் உடனே "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்பார். அவர் என்ன பண்ணினார் என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் வந்த ஓர் ஆயுத பூஜை நாள். விடுப்பு எடுத்துக்கொண்டு புக்கிட் பாஞ்சாங்கில் வீட்டில் இருந்தேன். காலையிலேயே என் மனைவி என் கருவிப் பையைக் கவிழ்த்து, ஸ்க்ரூடிரைவர், குறடு, மின்சாரம் சோதிக்கும் மீட்டர் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். மீட்டருக்கு எண்கள் தெரியும் கண்ணாடியின் மேலேயே வைத்திருந்தாள்.

"அங்க வச்சா எண் எப்படித் தெரியும்?" என்றேன்.

"சாமிக்கு முன்னாடி எண் எதுக்கு?" என்றாள்.

இந்தப் பழக்கம் இல்லாத வீடுகளிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பூஜையில் வைத்த கருவிகளை மறுநாள் காலை மறுபடி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக் கூடாது. ஆண்டெல்லாம் உழைத்தவற்றுக்கு ஒரு நாள் ஓய்வு. நல்ல ஏற்பாடுதான். சிங்கப்பூரில் அன்றைக்கு எனக்குக் கிடைக்காத அரசு விடுமுறை என் ஸ்க்ரூடிரைவருக்குக் கிடைத்துவிடும்.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, மிஷின் மயக்கம் போட்டுடுச்சுப்பா."

விசாலாட்சி அக்கா. தேக்காவில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். கணவர் போன பிறகு தனியாகவே நடத்துகிறார். மிஷின் என்று அவர் சொன்னது அவர் கணவர் வாங்கிப் போட்ட பழைய மேசைக் கணினியை. அதைத் தூக்கிப் போடச் சொல்லாதவர்கள் இல்லை. போட முடியாது. அழைப்பிதழுக்கான வளைந்து நெளிந்த பழைய தமிழ் எழுத்துகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த எழுத்துகளைத் தரும் மென்பொருள் வேலை செய்ய வேண்டுமென்றால் கணினியின் முதுகில் ஒரு சின்னப் பூட்டுக்கட்டை செருகியிருக்க வேண்டும். அதைச் செருகும் துளை இன்றைய கணினிகளுக்கு இல்லை. மென்பொருளைச் செய்து விற்றவர்கள் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கணினி இருந்தால் கடை இருக்கும்.

"என்ன ஆச்சு அக்கா?"

"ஓடிக்கிட்டிருக்கும்போதே தீபாராதனை காட்டினாத்தான் விசேஷம்னு ஆன் பண்ணி வச்சேன். சாம்பிராணி கொஞ்சம் தூக்கலாப் போட்டேன். டப்புனு ஒரு சத்தம். அவ்வளவுதான். தினேஷ் சொல்றான், சாமி ஏத்துக்கிட்டாங்களாம்."

"நாளைக்குக் காலைல வரேன் அக்கா. இன்னைக்கு நீங்களும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது."

"அது எனக்குத் தெரியாதா? நீ வா. தொடாம வா."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைப்பது கேட்டது. அந்தக் கனைப்பில் ஏதோ அவசரம் இருந்ததால் சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். எங்கள் பேட்டையிலிருந்து தேக்காவுக்கு மாறாமல் போகலாம். அத்தனை ஆண்டுகளில் வெறுங்கையோடு வேலைக்குப் போனது அன்றுதான். பையில்லாத தோள் ஒரு பக்கம் உயர்ந்தே இருந்தது.

கடையில் கணினி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியின் நெற்றியில் திருநீறு, திரைக்கு மேல் குங்குமம், சுட்டெலிக்கு ஒரு பொட்டு, விசைப்பலகை மேல் அரளிப் பூ. பக்கத்தில் கத்தரிக்கோல், பசை டப்பா, கடையில் உள்ள எல்லாப் பேனாக்களும் வரிசையாக. அக்கா என் கையில் சுண்டலைக் கொடுத்தார். அக்காவின் அக்கா மகன் தினேஷ் நாற்காலியில் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது, வங்கி ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை. உறவு முழுக்க 'ஐடில இருக்கான்' என்று அவனைச் சொல்வதால், குடும்பத்தில் யார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பாவம்.

தொண்டையைக் கனைத்தவர் சாகுல் பாய். பக்கத்துச் சந்தில் பெட்டி, பூட்டு, இரும்புச் சாமான் விற்கும் கடைக்காரர். பூஜை நடந்த இடம் என்று மரியாதையாக வாசல்படிக்கு வெளியிலேயே நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி நூர்ஜஹான் உள்ளே ஓர் ஓரமாக உட்கார்ந்து அட்டை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எந்த அட்டையையும் அவர் பார்க்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் மகளுக்கு நிக்காஹ். நூர்ஜஹானின் அண்ணன் கமாலுதீன் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டு வழக்கில் அண்ணனை நானா என்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானாவின் மகன் திருமண அழைப்பிதழில் நூர்ஜஹானின் பெயரை யாருக்கோ கீழே போட்டுவிட்டார்கள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் அதன்பின் பேசவில்லை. நடுவில் நோன்புப் பெருநாள்கள் எத்தனையோ வந்து போயின. இப்போது இந்தக் கடையில் அடித்த தன் மகளின் அட்டையில் நூர்ஜஹான் நானாவின் பெயரையே போடவில்லை. தாய்மாமன் பெயர் இல்லாத அட்டை. நல்லெண்ணம் கொண்ட உறவினர் ஒருவர் அதைப் படமெடுத்து நானாவுக்கு அனுப்பியும் வைத்துவிட்டார். இப்படிப்பட்ட உறவினர் இல்லாத குடும்பம் எந்த மதத்திலும் இல்லை.

பிறகு பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் செருப்புத் தேடும்போது பாயும் மச்சானும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள்.

"'அட்டையில என் பேர் எங்கே?'ன்னாரு. 'போட்டுடறேன் மச்சான்'னேன். 'அப்ப வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கப்புறம் போட்டு எடுத்துட்டு வா, நூரும் வரணும்'னாரு" என்றார் பாய். "இன்னைக்குத்தான் வியாழக்கிழமை. அவர் ரெண்டாவது தடவை கூப்பிடுற ஆளு இல்ல."

"ஒரே ஒரு அட்டை போதும்" என்றார் நூர்ஜஹான், தலை நிமிராமல். "மேல, பிஸ்மிக்குக் கீழ, முதல் பேரா அவங்க பேர் இருக்கணும். அது மட்டும் போதும்."

வேறு கடைக்குப் போகலாமே என்றேன். தமிழ் எழுத்து அடிக்கும் கடைகள் எல்லாவற்றிலும் அன்றைக்கு மிஷின்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தன. தினேஷ் தன் கைப்பேசியில் ரோஜாப்பூ போட்ட அட்டை ஒன்றை அதற்குள் செய்தே முடித்துவிட்டான். பாய் அதைப் பார்த்துவிட்டு மறுப்பாகத் தலையாட்டினார்.

"அவர் பழைய அட்டையைப் பார்த்துட்டாரு தம்பி. அதே மாதிரி இருக்கணும். 'ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?'ம்பாரு."

நான் கணினியைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு இரண்டு ஆசைகள். பாய்க்கு அட்டை கிடைக்க வேண்டும். வேலை எதுவும் நடக்கக் கூடாது. இந்த ஊரில் வளர்ந்தவர்கள் நாம். விதியை மீறவும் மாட்டோம், காரியத்தை விடவும் மாட்டோம். எது வேலை, எது வேலையில்லை என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது.

"ஆம்புலன்ஸ் ஓடலையா? இது எசென்ஷியல் சர்வீஸ் லா சித்தி" என்றான் தினேஷ்.

"ஆம்புலன்ஸுக்கு நான் பொட்டு வைக்கல."

"காலண்டர்ல பாருங்க, சாயங்காலமே தசமி வந்துடுது."

"அது இந்தியா நேரம்."

"இந்தியா நேரத்தைக் கணக்குப் போட்டா இங்க இன்னும் லேட்டு. ஐயோ, சாரி."

அக்கா கோயில் குருக்களுக்குத் தொலைபேசி அடித்தார். அவர் எடுக்கவில்லை. எல்லாத் தொழிலுக்கும் ஓய்வு கொடுக்கும் நாளில் ஓய்வே இல்லாத தொழில் அவருடையது ஒன்றுதான்.

கடைசியில் தீர்ப்பு அக்காவின் வாயிலிருந்தே வந்தது. "பாய்க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையே. பாய் கை, பாய் ஸ்க்ரூடிரைவர். நீ வாயால சொல்லு தம்பி. வாயை நான் பூஜைல வைக்கல."

சாகுல் பாய் ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து விலைச் சீட்டுகூடக் கிழிக்காத ஸ்க்ரூடிரைவர் ஒன்றோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்கங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அக்கா மாலையை மட்டும் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெட்டி கவிழ்க்கப்பட்டது. என் வேலைக்காலம் முழுவதும் வாடிக்கையாளர் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார், நான் முறைப்பேன். அன்று வாடிக்கையாளர் திருகாணியை வேகமாகத் திருக, "மெதுவா பாய், மெதுவா" என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் வாடிக்கையாளர்களின் பக்கத்து நியாயம் கொஞ்சம் புரிந்தது.

மூடி திறந்ததும் எல்லோரும் குனிந்து எட்டிப் பார்த்தோம். உள்ளே அதுவரை நடந்த ஆயுத பூஜைகள் அத்தனையும் அடுக்கடுக்காகக் கிடந்தன. திருநீறு, குங்குமம், காய்ந்த பூ இதழ்கள், சாம்பிராணிப் புகை படிந்த பிசுக்கு. பவர் சப்ளையின் விசிறி பல ஆண்டுகளாக எல்லாவற்றையும் பக்தியோடு உள்ளே இழுத்திருக்கிறது. இந்த ஆண்டு மூச்சு முட்டி நின்றுவிட்டது. நின்றதும் உள்ளே சூடேறி வெடித்திருக்கிறது. கருகிய வாடை அடித்தது. வழிபட்டே கொல்லப்பட்ட பவர் சப்ளையை அன்றுதான் முதலில் பார்த்தேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. "வயசாயிடுச்சு அக்கா" என்றேன். இறப்புக்குக் காரணம் சொல்லும்போது குடும்பத்தாரின் மனதையும் பார்க்க வேண்டும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தினேஷ் எழுந்தான். அவன் சோம்பேறி இல்லை. ரோச்சோர் பக்கம் இருக்கும் கணினிக் கடைத்தொகுதிக்கு ஓடி, புதிய பவர் சப்ளை ஒன்றோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினான். தேவைக்கு இரண்டு மடங்கு சக்தி. விசிறியில் கலர் விளக்கு வேறு. "பெஸ்ட் மாடல் அங்கிள். சைஸ் கூட சேம்" என்றான். உண்மைதான். அதே அளவு, திருகாணித் துளைகள் அதே இடத்தில். மற்ற உறுப்புகள் எல்லாம் உட்காரும் மதர்போர்டில் செருகும் பெரிய செருகியும் அதே வடிவம். பாய் அதைக் கையில் எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார். பிற்பகல் அஸர் தொழுகைக்கான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் எழுந்து வந்து நின்றுகொண்டார்.

"பாய், நிறுத்துங்க."

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகக் கூடாது. நான் பெயர் சொல்ல விரும்பாத சில நிறுவனங்கள் அந்தக் காலத்தில் ஒரு காரியம் செய்தன. எல்லோரும் பயன்படுத்தும் அதே வடிவச் செருகியைத்தான் வைத்தன. உள்ளே கம்பிகளின் வரிசையை மட்டும் மாற்றிவைத்தன. வெளியில் வாங்கிப் போட்டால் மதர்போர்டு எரியும். அவர்களிடமே வாங்கினால் எரியாது. செருகி தப்பாக இருந்தால் நுழையக் கூடாது என்பதுதான் செருகி செய்வதன் முதல் பாடம். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

இந்த மாடல் அந்த வகையா, இல்லையா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டு செருகிகளையும் பக்கத்துப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். பழையதில் கறுப்புக் கம்பி இருந்த இடத்தில் புதியதில் ஆரஞ்சு. பழையதில் சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு.

"கலர்தானே அங்கிள்? பேக்டரிக்குப் பேக்டரி மாறும் லா" என்றான் தினேஷ். அவன் சொன்னதும் நடக்கக்கூடியதே. விதிப்படி நிறம் போடாத தயாரிப்பாளர்களை நானும் பார்த்திருக்கிறேன். பழையது செத்துவிட்டதால் எந்தக் கம்பியில் என்ன வருகிறது என்று அளந்து பார்க்கவும் வழியில்லை.

"செருகிப் பாருங்க தம்பி, அல்லாஹ் பார்த்துக்குவான்" என்றார் பாய்.

"சரஸ்வதியும் இருக்கா" என்றார் அக்கா.

இரண்டு மதங்களும் ஒரே குரலில் செருகச் சொன்னபோது நான் தனியாகிவிட்டேன்.

மாடல் எண் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். பவர் சப்ளையில் ஒட்டியிருந்த சீட்டு கருகிப்போயிருந்தது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு சீட்டு உண்டு. அங்கே பார்த்தால், சீட்டு இருந்த இடத்தில் அப்பளம் கனத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். வெள்ளையாகச் சதுரமாக நெற்றி மாதிரி இருந்ததால் ஆண்டுதோறும் அக்கா அங்கேயே பொட்டு வைத்து வந்திருக்கிறார்.

"அக்கா, இதைத் துடைக்கணும்."

அக்காவின் முகம் மாறியது. "வேற எது வேணும்னாலும் பண்ணு. பொட்டை அழிக்காதே."

"எண் அதுக்கு அடியில இருக்கு."

"என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இந்தக் கடைல பொட்டோட இருக்கறது அது ஒண்ணுதான் தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. அவர் நெற்றியில் திருநீறு மட்டும்தான் எப்போதும் இருக்கும். எத்தனையோ முறை வந்திருக்கிறேன், அதைப் பற்றி யோசித்ததே இல்லை. உங்களை யார் வைக்க வேண்டாம் என்றது என்று கேட்க வாயெடுத்தேன். யார் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கவில்லை. தினேஷ்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

நூர்ஜஹான்தான் போய்த் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். "நான் துடைக்கட்டுமா அக்கா? அப்புறம் நீங்க புதுசா வச்சு விடுங்க."

"வேண்டாம்மா. நானே செய்றேன்" என்று அக்கா துணியை வாங்கிக்கொண்டார். சாமி படத்தைப் பார்த்து உதட்டை அசைத்துவிட்டு, மெதுவாகத் துடைத்தார். ஆண்டுக்கணக்கான சந்தனம் ஊறி ஊறிக் கரைந்தது. எண் தெரிந்தது.

நான் படித்துச் சொல்ல, தினேஷ் தேடினான். எங்கேயோ பழைய கணினிகளைக் கட்டிக்கொண்டு அழும் ஆட்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதில் இந்த மாடலின் கம்பி வரிசைப் படம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையும் செருகியையும் மாறி மாறிப் பார்த்தோம்.

"அலாமாக்" என்றான். "போட்டிருந்தா கன்பர்ம் செத்திருக்கும் அங்கிள்." அவனே புதிய பவர் சப்ளையைப் பாயின் கையிலிருந்து வாங்கி அட்டைப்பெட்டியில் திரும்ப வைத்தான். என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும்தான். அதை நிச்சயமாக்கியது அவன்தான். இதை எங்கே சொன்னாலும் நான் அவன் பெயரைச் சேர்த்தே சொல்வேன்.

ஆனால் நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. பாய் கேட்டார், "சரி, இப்ப எப்படி ஓட வைக்கிறது?"

கம்பிகளை வெட்டி வரிசை மாற்றி ஒட்டலாம். செய்திருக்கிறேன். மதர்போர்டு இன்னொன்று கையில் இருக்கும்போது செய்திருக்கிறேன். கையில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளை வைத்துப் பரீட்சை செய்யக் கூடாது. அதே மாடல் பழைய பெட்டி கிடைக்கும் இடம், சுங்கை காடுட் பக்கத்தில், எனக்குத் தெரியும். குவியலில் தேடி எடுக்க வேண்டும். அஸருக்கு முன் நடக்கிற காரியம் இல்லை.

நீங்கள் படித்துவிட்டு வரும் பாடத்தில் எல்லாம் இருக்கும். இது மட்டும் இருக்காது. நான் நூர்ஜஹானைப் பார்த்துச் சொன்னேன், "இன்னைக்கு முடியாதும்மா."

சமாதானமாக ஏதாவது சேர்த்துச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். 'முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் வார்த்தை. அதை நம்பி அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், நேரம் போய்விடும். முடியாது என்றால் அவர் வேறு ஏதாவது செய்வார்.

அவர் கண் நிறைந்துவிட்டது. அத்தனை ஆண்டு வேலையில் எத்தனையோ கணினிகளைக் கைவிட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் கைவிட்டது கணினியை மட்டும்தான். பாய் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "போகலாம் நூரு. வெறுங்கையோட போய் நிப்போம். வெளிய போன்னா வந்துடுவோம்" என்றார். தினேஷ் அவர்களுக்குக் கார் பிடித்துக் கொடுத்தான். அக்கா நூர்ஜஹானின் கையில் ஒரு பொட்டலம் சுண்டலைத் திணித்தார். சமாதானத் தூதுக்கு அட்டை இல்லாவிட்டால் சுண்டலாவது போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் என் மனைவி விளக்கேற்றியதும் முதல் ஆளாகக் கருவிகளை எடுத்துக்கொண்டு சுங்கை காடுட் போனேன். குவியலில் அதே மாடல் பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்கும் அடுத்த நாள், என் கையால், என் ஸ்க்ரூடிரைவரால், பவர் சப்ளையை மாற்றினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். பொத்தானை அழுத்தினேன், விசிறி சுழன்றது. அக்கா சீட்டு இருந்த இடத்தில் புதிதாகச் சந்தனம் எடுத்தார். அவர் வைப்பதற்குள் நான் எண்ணை ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பாயும் நூர்ஜஹானும் வந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அக்கா கேட்டார்.

"நானாதான் கதவத் தொறந்தாங்க. எங்க கையத்தான் பார்த்தாங்க" என்றார் நூர்ஜஹான். "'அட்டை எங்க?'ன்னாங்க. என்னத்தச் சொல்ல? 'நானா, உங்க பேரப் போடலாம்னு போனோம், கம்ப்யூட்டரு செத்துப்போச்சு'ன்னேன். 'என் பேரக் கேட்டதும் செத்துப்போச்சா?'ன்னாங்க. சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து உட்கார்ந்துட்டாங்க. அவங்க சிரிச்சா எனக்கும் வந்துடும், சின்னப் பிள்ளைலேர்ந்தே அப்படித்தான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் நான் அழுதேன்."

"அழுதது ரெண்டு பேரும்" என்றார் பாய்.

"பழைய அட்டை ஒண்ணு பையில கிடந்துச்சு. 'அதைக் குடு'ன்னு வாங்கி, சட்டைப் பையிலேர்ந்து பேனா எடுத்தாங்க. 'இங்க எழுதுங்க நானா'ன்னு நான் மேல விரல வச்சுக் காட்டினேன். அவங்க எழுதினது இங்க."

அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். கீழே, எல்லாப் பெரியவர்களுக்கும் கீழே, வீட்டுச் சின்னப் பிள்ளைகளின் செல்லப் பெயர்களை வரிசையாகப் போடும் இடத்தில், கடைசிப் பிள்ளைக்கும் கீழே நீல மையில் 'கமாலுதீன்' என்று இருந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது பிள்ளைங்க இடம்மா. தாய்மாமன் பேர் இங்க வந்தா பார்க்கறவங்க என்ன சொல்வாங்க? நான் மேல ஏத்திடறேன்."

"ஏத்தாதீங்க அக்கா" என்றார் நூர்ஜஹான். "அவங்க எழுதின இடத்துலயே இருக்கட்டும்."

பெயரை மேலே ஏற்றச் சொல்லிச் சண்டை போட்டவர்களைத்தான் அக்கா அந்த மேசையில் இதுவரை பார்த்திருக்கிறார். அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு விரல்களை விசைப்பலகை மேல் வைத்தார். பிறகு அடித்தார். கீழே இடம் போதவில்லை. பிள்ளைகள் எல்லோரையும் கொஞ்சம் மேலே தள்ளி உட்கார வைத்தார்.